முகத்தில் ஊறும் எண்ணெய்

அந்த எண்ணெய்த் தொழிற்சாலையில் அவளை எல்லாரும் மூக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். கேட்டில் நிற்கும் காவலாளி மட்டும் மரியாதை கருதி மூக்கு மேடம் என்பார். டேங்கர் லாரியில் வந்து இறங்கும் சூரியகாந்தி எண்ணெயைச் சோதித்து, பாட்டிலில் அடைக்கலாமா கூடாதா என்று சொல்வது அவள் வேலை. பாதிச் சோதனையைக் கண்ணாடிக் குடுவை செய்தது, மீதியை அவள் மூக்கு செய்தது. எண்ணெய் கெடுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும் என்று மேலாளர் வெளியாட்களிடம் பெருமை அடித்துக்கொள்வார். ஒரு வாரம் என்பது கொஞ்சம் அதிகம். இரண்டு நாள் என்றால் உண்மை.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பதினைந்தாவது வயதில் அவள் முகத்தில் பரு வந்தது. மற்றவர்களுக்கு விருந்தாளி போல வந்து போனது அவளிடம் மட்டும் குடித்தனமே வைத்துவிட்டது. நெற்றியில் தொடங்கி, கன்னத்துக்கு இறங்கி, கடைசியில் தாடையில், அதுவும் வலப்பக்கத் தாடையில், நிரந்தரமாகத் தங்கியது. ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று எழும். போன இடத்தில் பழுப்பாக ஒரு தடம் இருக்கும். திருமணமான நான்கு வருடமாக, பேருந்திலோ சோபாவிலோ, அவள் கணவனுக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்தாள். அப்போதுதான் நல்ல கன்னம் அவன் பக்கம் இருக்கும்.

அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. கணவனின் அக்கா, அவளுக்கு அண்ணி, வாரத்துக்கு ஒரு புது வழியோடு ஃபோன் செய்வாள்.

"தலகாணி உறையத் தினமும் மாத்துறியா?"

"மாத்துறேன் அண்ணி."

"தண்ணி நிறையக் குடி."

"குடிக்கிறேன் அண்ணி."

"அப்ப ஏன் போக மாட்டேங்குது?"

 தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள் போல ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பாள்.

சோதனைக்கூடம் மூன்றாம் மாடியில் இருந்தது. அறையின் மேற்குச் சுவர் முழுக்க ஜன்னல். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் மெல்ல உள்ளே வந்து, மேசை மேலிருக்கும் மாதிரிப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். தொட்ட பாட்டிலுக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிவது போலிருக்கும். கீழே இயந்திரங்களின் ஓசை, தூங்கும் மிருகத்தின் மூச்சு மாதிரி, தரை வழியாகப் பாதத்தில் ஏறும். அந்த நேரத்தில் அவளுக்கு உலகம் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடப்பது போலவும், எல்லாரும் கொஞ்சம் மெதுவாக நடப்பது போலவும் தோன்றும்.

குடுவைச் சோதனை அவளுக்குப் பிடித்தமானது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடத் தொடங்கும்போது அதில் பெராக்சைடு என்ற பொருள் உண்டாகும். அதை அளக்க, எண்ணெயைக் கரைத்து, மருந்து சேர்த்து, கடைசியில் கொஞ்சம் ஸ்டார்ச் விட்டால் குடுவை முழுவதும் கருநீலமாகிவிடும். பிறகு மேலேயிருந்து இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் அவ்வளவு நீலமும் சட்டென்று காணாமல் போகும். எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. பத்து வருடமாகச் செய்தும், அந்த நீலம் எங்கே போகிறது என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

ஆனால் குடுவையை மட்டும் நம்ப முடியாது. எண்ணெய் ரொம்பவும் கெட்ட பிறகு அந்தப் பெராக்சைடே உடைந்து, வாடையாகப் பறந்துவிடும். அப்போது சொட்டுக் கணக்கு சின்னதாக வரும். கெட்டுப்போன எண்ணெய் நல்ல பிள்ளை போல நிற்கும். அதைப் பிடிக்கத்தான் மூன்று மணிக்கு மூன்று பேர் உட்கார்ந்து, சூடாக்கிய எண்ணெயைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து முகர்ந்து பார்ப்பார்கள். மேலாளர், பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, பிறகு அவள். மூன்று பேர் என்பது பேருக்குத்தான். அவள் சொன்னால் சொன்னதுதான்.

கோடையின் தொடக்கத்தில் ஒரு விற்பனையாளர் வந்தார். எண்ணெய் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஆன்டி ஆக்சிடன்ட் சரக்கை விற்பவர். தேன் போலக் கெட்டியாக, செம்பழுப்பாக ஒரு திரவம். வைட்டமின் ஈ, சூரியகாந்தி எண்ணெயிலேயே கலந்தது. ஒரு பழுப்புப் பாட்டிலை மேசை மேல் வைத்துவிட்டு, எப்போதும் சொல்வதை எல்லாம் சொன்னார். பிறகு பேச்சு சுவாரசியத்தில் வாய் நழுவிவிட்டது.

"இதே சரக்குதான் மேடம் க்ரீம் கம்பெனிக்கும் போகுது. முகத்துல ஊறுறதும் எண்ணெய்தானே. வெயில், காத்து, புகை பட்டு அதுவும் கெட்டுப்போகுது. அதனாலதான் இந்தப் பரு..."

அங்கேயே நிறுத்திவிட்டார். அவர் கண் அவள் தாடைக்குப் போய், உடனே தன் காலணிக்கு இறங்கியது.

"பரவாயில்ல. சொல்லுங்க," என்றாள் அவள்.

மீதியை அவர் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், அதாவது உடம்புக்குள் ஆக்சிஜன் செய்யும் சேதம், என்கிறார்கள், ஆராய்ச்சி நடக்கிறது, தனக்கு அதற்கு மேல் தெரியாது. மாதிரிப் பாட்டிலை விட்டுவிட்டு, தேநீர் கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அவள் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வருடத்தில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. சாப்பாடு, சுத்தம், தூக்கம், கவலை என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். முகத்திலிருப்பது எண்ணெய் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அது கெடும் என்று, தான் தினமும் பார்க்கும் அதே கெடுதலாகக் கெடும் என்று, அவளுக்கு எப்படித் தோன்றாமல் போனது?

அன்று கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்பும்போது கண்ணயர்ந்தாள். கரை தெரியாத ஒரு எண்ணெய்க் குளம் கனவில் வந்தது. மேலே வெயில். நடுவில் ஒரு படகில் அவள். கையில் மிகப் பெரிய மூடி. இந்தக் குளத்துக்கு வாய் எங்கே இருக்கிறது, எங்கே வைத்து இதை மூடுவது என்று தேடிக்கொண்டே துடுப்புப் போட்டாள். பயமாக இல்லை. நேரம் நிறைய இருப்பது போலத்தான் இருந்தது. ஓட்டுநர் பிரேக் போட்டபோது கண் விழித்தாள். கைப்பையில் பழுப்புப் பாட்டில் கனத்தது.

பாட்டிலை அப்படியே வீட்டில் வைத்தால் கணவன் கேட்பான். ஒரு பழைய க்ரீம் டப்பாவை, கண்ணாடி டப்பா, கழுவி அதில் ஊற்றிக் குளியலறை ஜன்னல் விளிம்பில், ஷாம்பூ பாட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். காலையும் மாலையும் விரல் நுனியில் தொட்டு முகம் முழுக்கப் பூசினாள். பிசுக்குப் பிசுக்கென்று ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் தோல் அதை வாங்கிக்கொண்டு மின்னியது.

முதல் பத்து நாட்கள் தரையில் கால் பாவவில்லை. பழைய தடங்கள் மங்கியது போல இருந்தது. மங்கினதா, அல்லது மினுமினுப்பில் அப்படித் தெரிந்ததா, அவள் ஆராயவில்லை. எண்ணெயைச் சோதிக்கிறவள் தன் முகத்தைச் சோதிக்கவில்லை. மதிய உணவு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, முகத்தில் வெயில் விழ விட்டாள். முன்பெல்லாம் வெயிலைக் கண்டால் கையால் தாடையை மறைப்பவள். கீழே லாரிகள் பொம்மை போலத் திரும்பின. கண்ணை மூடினால் இமைக்குள் ஆரஞ்சு நிறம். தான் ஒரு நல்ல பாட்டில், மூடி இறுக்கமாக இருக்கிறது, இனி எதுவும் உள்ளே வராது என்று நினைத்துக்கொண்டாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க உயரமான கட்டிடங்களின் இருட்டுக் குழாய்க்குள் தொங்கிவிட்டு வருபவன். வீட்டு வெளிச்சத்தில் கண் பழக அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

"என்னம்மா, முகம் பளபளன்னு இருக்கு?"

"வெயில்."

"வெயில்ல கறுக்கத்தானே செய்யும்?"

"எனக்குப் பளபளக்குது."

அவன் சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

இரண்டாவது வாரக் கடைசியில் அரிப்பு தொடங்கியது. முதலில் காதோரம், பிறகு கழுத்து. மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து செதில் விட்டது. தாடையில் ஒரே சமயத்தில் ஏழு பருக்கள் எழுந்து நின்றன, எண்ணிப் பார்த்தாள். அளவு போதவில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. இரண்டு வேளையை நான்கு வேளையாக்கினாள். மதியத்துக்கு ஒரு சின்ன டப்பியில் எடுத்துப் போனாள்.

அந்த வாரத்தில்தான் ஏழாம் டேங்க் சோதனைக்கு வந்தது.

தொழிற்சாலையின் பின்பக்கம், வெட்டவெளியில் நிற்கும் இரும்பு டேங்க் அது. யாரோ மறந்துபோய் எண்ணெய் அதில் ரொம்ப நாள் கிடந்துவிட்டது. குடுவைச் சோதனையில் கணக்கு சின்னதாக வந்தது, நாலே சொட்டு. மூன்று மணிக்குக் கிண்ணங்கள் வந்தன. மேலாளர் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு எப்போதும் எதுவும் தெரியாது. பேக்கிங் அக்கா கிண்ணத்தை இரண்டு முறை மூக்கருகே கொண்டுபோனாள்.

"பழைய இரும்புப் பெட்டியத் தொறந்த மாதிரி இருக்கே."

அவள் தன் கிண்ணத்தை எடுத்தாள். மேல் மூடியை நகர்த்தி, மெல்ல மூச்சை உள்ளிழுத்தாள். ஒன்றுமில்லை. வெதுவெதுப்பு மட்டும்தான். அந்த வெதுவெதுப்பில் சொக்கிப் போய், இன்னொரு முறை இழுத்தாள். வீட்டில் இருப்பது போல இருந்தது.

"நல்லா இருக்கு," என்றாள்.

"நல்லாப் பாத்தியா?" என்றாள் அக்கா.

"பாத்தாச்சுக்கா. கிண்ணத்த நல்லாக் கழுவாம விட்டிருப்பாங்க."

மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா மூன்று மாடி ஏறி வந்தாள். ஐம்பது வயது, கனத்த உடம்பு. லிஃப்டில் ஏற மாட்டாள், பயம். மூச்சு வாங்க நின்று, அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள். அவள் குரல் எப்போதும் நாலு வரிசை தாண்டிக் கேட்கும். இப்போது அதை எங்கோ வைத்துவிட்டு வந்தவள் போலப் பேசினாள்.

"ஏழாம் டேங்க நிறுத்தச் சொல்லிட்டேன். மெஷின் ரிப்பேர்னு சொல்லியிருக்கேன். இன்னும் ஒரு வண்டியிலயும் ஏத்தல."

"ஏன்க்கா?"

"காலையில கேன்டீன்ல அதுல கொஞ்சம் வாங்கி உருளைக்கெழங்கு வறுத்துப் பாத்தேன். பெயின்ட் டப்பா வாசனை. வாயில வைக்க முடியல."

"என் மூக்குக்கு ஒண்ணும் தெரியலையே."

அக்கா உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்றத தப்பா எடுத்துக்காத. நேத்து கிண்ணத்துல அடிச்ச வாடை இருக்கே, அது உன் மேல அடிக்குதும்மா. ஒரு பத்து நாளா. பக்கத்துல உக்காந்தா தெரியுது. புதுசா ஏதோ க்ரீம்னு நெனச்சேன், கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவள் எழுந்து மேசை இழுப்பறையிலிருந்து பஞ்சை எடுத்தாள். தாடையிலிருந்து நெற்றி வரை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு மஞ்சளாயிற்று. முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. பஞ்சை அக்காவிடம் நீட்டினாள்.

"நீங்க மோந்து பாருங்க."

அக்கா தயங்கி வாங்கி, மூக்கருகே வைத்து, உடனே எடுத்துவிட்டாள்.

"ஏழாம் டேங்க்தான்," என்றாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. அக்காவின் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது. அக்கா அவள் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள், அந்த வாடையோடேயே.

மேலாளரிடம் அவளே போய்ச் சொன்னாள். டப்பா, ஜன்னல் விளிம்பு, நான்கு வேளை எல்லாவற்றையும் சொன்னாள். வாடைக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்திருந்தால் அந்த வாடை மூக்குக்குத் தெரியாமல் போய்விடும் என்பதை அவள்தான் புதிதாகச் சேரும் ஆட்களுக்கு முதல் நாளே சொல்வாள். செண்ட் கூடாது, பவுடர் கூடாது என்று விதி எழுதி ஒட்டியதும் அவள்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வண்டி கிளம்பலயே?"

"இல்ல சார். அக்கா நிறுத்திட்டாங்க."

"சரி. மூக்குக்கு ஒரு வாரம் லீவு. உனக்கு இல்ல, மூக்குக்கு மட்டும். டாக்டரப் பாரு."

ஏழாம் டேங்க் எண்ணெய் சுத்திகரிப்புக்குத் திரும்பிப் போனது. மேல்மூடியின் ரப்பர் கிழிந்திருந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை முழுக்கச் செய்தி பரவத்தான் செய்தது. மூக்குக்கே மூக்கு உடைந்துபோச்சு என்று எவரோ கேன்டீனில் சொல்ல, அக்கா தன் பழைய குரலில் ஒரு பார்வையோடு, "சாப்பிட வாயத் தொறந்தா போதும்," என்றாளாம். அதோடு அடங்கியது.

முகர வேண்டாத அந்த மதியங்களில் அவள் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் அவளே செய்த ஒரு சோதனை அகப்பட்டது. ஆறு பாட்டில் எண்ணெய், ஒவ்வொன்றிலும் வைட்டமின் ஈ கூடிக்கொண்டே போகும். ஜன்னலோரம் நாற்பது நாள். மூன்றாவது பாட்டில்தான் நன்றாகத் தாக்குப்பிடித்திருந்தது. ஐந்தாவதும் ஆறாவதும், எதுவுமே சேர்க்காத முதல் பாட்டிலைவிட வேகமாகக் கெட்டிருந்தன. பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்தில், நிதானமான எழுத்தில்: "அளவு கூடினால் காப்பதே கெடுக்கிறது." சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. அந்த அடிக்கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதை எழுதியவள் ரொம்பக் கெட்டிக்காரி, அவளைத் தனக்குத் தெரியாது என்பது போல இருந்தது.

அன்று மாலை கணவன் வந்ததும், டப்பாவைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துச் சொன்னாள். அவன் மூடியைத் திறந்து பார்த்து மூடினான்.

"இத எங்க வெச்சிருந்தே?"

"பாத்ரூம் ஜன்னல்ல. உனக்குத் தெரியக் கூடாதுன்னு."

"அங்க சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிக்குமே."

"தெரியும்."

"எண்ணெய வெயில்ல வெக்கக் கூடாதுன்னு எனக்குச் சொன்னதே நீதான்."

"தெரியும்னு சொன்னேன்ல."

அவன் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எப்பவும் என் வலப்பக்கம்தான் உக்காருவே. ஏன்னு எனக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"கல்யாணமான மொத மாசத்துலேருந்து."

"ஏன் கேக்கல?"

"நீ சாத்தி வெச்ச கதவ நான் எதுக்குத் தொறக்கணும்? தொறக்கணும்னா நீயே தொறப்பே." நிமிர்ந்தான். "ஆனா கேட்டிருக்கணும் போல. இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கே."

 ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடியில் யாரோ துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளை விரிப்பு காற்றில் எழும்பி, இறங்க மனமில்லாதது போல நின்று, பிறகு இறங்கியது. அவன் எழுந்து போய் சாப்பாட்டைச் சூடாக்கினான்.

தோல் டாக்டர் அவளைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். கடும் ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூக்கைச் சிந்தினாள்.

"மன்னிச்சுக்குங்க, இன்னிக்கு எனக்கு எந்த வாசனையும் தெரியல."

"நல்லதுதான்," என்றாள் அவள்.

டாக்டர் விளக்கை இழுத்து, லென்ஸ் வழியாகத் தாடையையும் கழுத்தையும் நிதானமாகப் பார்த்தாள். வலப்பக்கத்தை இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. முதலில் உடம்பு கூசியது. பிறகு, ஆச்சரியமாக, தூக்கம் வருவது போல இருந்தது.

"இந்தச் சிவப்பும் அரிப்பும் பரு இல்ல. ஒவ்வாமை. அந்த எண்ணெய இனிமே தொடாதீங்க. ரெண்டு வாரத்துல அடங்கிடும். அப்புறம் பருவப் பாக்கலாம்."

"அவர் சொன்னது பொய்யா? முகத்து எண்ணெய் கெட்டுப்போறதாலதான் பருங்கறது?"

"பொய் இல்ல. பாதிக் கதை." டாக்டர் மூக்கைச் சிந்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "உங்க முகத்து எண்ணெய்ல ஸ்குவாலீன்னு ஒண்ணு இருக்கு. வெயிலும் காத்தும் பட்டா மொதல்ல கெடறது அதுதான். கெட்டது துளைய அடைக்கும், வீக்கத்தக் கிளப்பும். உள்ள கிருமி பெருகும். அதக் கொல்ல ரத்தத்துலேருந்து வெள்ளையணு ஆளுங்க ஓடி வருவாங்க. அவங்க போடுற மருந்தும் ஆக்சிஜன்தான், ரொம்பக் காட்டமானது. கிருமியையும் சுடும், உங்களையும் சுடும். அந்தச் சூடுதான் நீங்க பாக்குற சிவப்பு."

"அப்ப அதத் தடுக்க எதுவுமே இல்லையா?"

"இருக்கே. உங்க தோலே பண்ணுது. எண்ணெய் சுரக்கும்போது கூடவே கொஞ்சம் வைட்டமின் ஈயையும் சேத்துத்தான் அனுப்புது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் தோலா?"

"எல்லார் தோலும்தான். உங்களுதும்."

 பதினாறு வருடமாக அந்தத் தோலை அவள் தேய்த்தாள், கிள்ளினாள், மறைத்தாள், கண்ணாடியில் பார்த்துத் திட்டினாள். தன்னை ஊர் முன்னால் காட்டிக்கொடுப்பதற்கென்றே கூட இருக்கும் எதிரி என்று நினைத்தாள். அது இத்தனை காலமும், அவள் தூங்கும்போதும் பஸ்ஸில் கனவு காணும்போதும், ஒரு சோதனைக்கூடம் போல, தன்னால் முடிந்த அளவைக் கலந்து அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. போதவில்லை என்பது வேறு விஷயம்.

"சில பேர் ரத்தத்தச் சோதிச்சுப் பாத்திருக்காங்க," என்று டாக்டர் தொடர்ந்தாள். "பரு அதிகமா இருக்கறவங்களுக்கு இந்த ஆன்டி ஆக்சிடன்ட் காவல் கொறைவா இருக்குன்னு சொல்றாங்க. கொறஞ்சதால பரு வந்துச்சா, பரு வந்ததால கொறஞ்சுதாங்கறது இன்னும் முழுசாத் தெரியல. தெரிஞ்ச மாதிரி நான் பேசக் கூடாது."

பிறகு சீட்டில் எழுதி, படித்துக் காட்டினாள். ஒவ்வாமை அடங்கியதும் இரவில் பூச, பென்சாயில் பெராக்சைடு.

"பெராக்சைடா?"

"ஏன், என்ன?"

"அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் டாக்டர் என் வேலை. இருந்தா வண்டிய நிறுத்திடுவேன். அத எடுத்து நானே முகத்துல பூசணுமா?"

டாக்டர் சிரிக்கப் போய் தும்மினாள்.

"அந்தக் கிருமி காத்து இல்லாத எடத்துலதான் சொகமா இருக்கும். அதுகிட்ட ஆக்சிஜனக் கொண்டுபோய் விட்டா செத்துப்போகும். அதுக்குத்தான். பட்டாணி அளவு, அதுக்கு மேல வேணாம். காலையில வெயிலுக்கு ஒரு க்ரீம்."

"அப்ப கெடுக்கறதும் மருந்து, காக்கறதும் மருந்தா?"

"எவ்வளவு, எங்கங்கறதுதான். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"வேணாம்," என்றாள் அவள். சிவப்பு அடிக்கோடு அவள் கண் முன்னால் வந்து போனது.

ஒரு வாரம் கழித்து மூன்று மணிக் கிண்ணத்துக்குத் திரும்பினாள். போனதும் மேலாளரிடம் ஒன்று கேட்டாள். இனிமேல் மூன்று பேரும் பேசிக்கொள்ளக் கூடாது. தனித்தனியாகச் சீட்டில் எழுத வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் டேங்க் நிற்க வேண்டும். மேலாளர் யோசித்தார். அப்படிச் செய்தால் தனக்கும் மூக்கு இருந்தாக வேண்டுமே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார். முதல் மாதத்தில் அக்கா இரண்டு டேங்குகளை நிறுத்தினாள். ஒன்று தேவையில்லாமல், ஒன்று தேவையோடு.

முகம் மெல்ல மாறியது. சிவப்பு இரண்டு வாரத்தில் போனது. புது மருந்து முதலில் தோலை உலர்த்தி, காகிதம் போல ஆக்கியது. மருந்து பட்டுத் தலையணை உறைகளில் வெளிறிய திட்டுகள் விழுந்தன. மூன்றாம் மாதத்தில் தாடை சமனாகத் தொடங்கியது. ஒன்றும் வராமல் இல்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயின. தழும்புகள் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்கு வேறு வைத்தியம் உண்டு, வேண்டுமானால் பார்க்கலாம் என்றாள் டாக்டர். பார்க்கலாம் என்று அவளும் சொன்னாள். அண்ணி ஃபோனில், "தலகாணி உறை மாத்தினதுதான் வேலை செஞ்சிருக்கு," என்றபோது, ஆமாம் அண்ணி என்றாள்.

கோடை போய் மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு விடுமுறை நாள் மதியம். மழை பிடித்துக்கொண்டது. மின்சாரம் போயிருந்தது. முதல் நாள் இரட்டை ஷிஃப்ட் பார்த்த கணவன் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல் அவன் நெற்றியின் மேல் ஓடியது. அவன் ஏதோ குளத்தின் அடியில் படுத்திருப்பது போலவும், அவள் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பது போலவும் இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து குனிந்தாள். மூக்கை அவன் நெற்றிக்கு ஒரு விரல் தூரத்தில் நிறுத்தி, கிண்ணத்தை முகர்வது போல, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தாள். வியர்வை. இரும்புக் கயிற்றுக்குப் போடும் கிரீஸ், எத்தனை சோப்பு போட்டாலும் போகாதது. அதற்கெல்லாம் அடியில், மெல்லிசாக, வெதுவெதுப்பாக, இப்போதுதான் ஊறிய எண்ணெய். காற்றும் வெளிச்சமும் இன்னும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. அவள் இன்னொரு முறை முகர்ந்தாள்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

"மழையா?"

"ம்."

அவன் கண்ணை மூடிக்கொண்டு, தூக்கத்திலேயே நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டான். மழை இன்னும் பலமாகப் பெய்யத் தொடங்கியது. அவள் படுத்துக்கொண்டாள்.